மாமாவும் மாத்திரையும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர்)

மாத்திரை என்றால் நம்மில் யாருக்குத்தான் பிடிக்கும்? காய்ச்சல் வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறோம். உடனே வாயில் கொஞ்சம் சர்க்கரையைப் போட்டுக்கொள்கிறோம். மூன்றே நாட்களில் காய்ச்சலும் போய்விடும், மாத்திரையும் போய்விடும். ஆனால் முப்பது ஆண்டுகளாக ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டு வருபவர் ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். அவர் என் சின்ன மாமா. அது என்ன மாத்திரை, எதற்காகச் சாப்பிட வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. தாம் மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியக் கூடாது என்றுதான் வீட்டில் எல்லோரும் பாடுபட்டோம். சென்ற கோடை விடுமுறையில் அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தது. அதில் நான் செய்த பிழையையும் கற்ற பாடத்தையும் என் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் என் அம்மாச்சி வீடு இருக்கிறது. சின்ன மாமாவுக்கு இப்போது வயது 36. இரண்டு வயதில் அவருக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தாராம். அதன் பிறகு பேச்சும் படிப்பும் வரத் தாமதமாயின. வலிப்பும் வரத் தொடங்கியது. பள்ளியில் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டார். ஊரில் நல்லவர்கள் அவரை 'வெகுளி' என்பார்கள். மற்றவர்கள் சொல்லும் சொற்களை இந்த மலரில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அறிவுசார் குறைபாடு என்பது மனநோய் அன்று. புரிந்துகொள்வதற்கும் கற்றுக்கொள்வதற்கும் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்வதற்கும் அவர்களுக்குக் கூடுதல் காலமும் துணையும் தேவை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் சுமார் 15 லட்சம் பேர் இத்தகையவர்கள். இவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் இருப்பதாக மருத்துவர்கள் கூறுகிறார்கள். மற்றவர்களிடையே நூற்றில் ஒருவருக்குக்கூட அது இருப்பதில்லை. ஆகவே மாத்திரை என்பது இவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் கூட வரும் ஒன்று.

என் மாமாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் மல்லிகைப் பூ எடுப்பதில் அந்த ஊரிலேயே அவர் கை வேகமான கை. மதுரை மல்லிக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெருமைக்குப் பின்னால் விடியும் முன்னே எழுந்து செடிக்குச் செடி குனியும் முதுகுகள் இருக்கின்றன. மொட்டு மலர்ந்துவிட்டால் விலை போகாது. வெயில் ஏறுவதற்குள் எடுத்து, மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். எடுத்த பூவை நிறுத்துப் பார்த்துத்தான் கூலி கொடுப்பார்கள். மாமா தமக்குக் கிடைக்கும் கூலியை அப்படியே அம்மாச்சி கையில் கொடுத்துவிட்டு, பத்து ரூபாய் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார். அது டீக்கும் வடைக்கும். அந்தப் பத்து ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்து போகும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

சென்ற மே மாதம் அம்மாச்சிக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. 1976ஆம் ஆண்டு மருத்துவர் வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு தொடங்கி, இன்று உலகமே அறிந்திருக்கும் நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில்தான் சிகிச்சை நடந்தது. அம்மாச்சிக்குக் கண் தேறும் வரை மாமாவும் எங்கள் வீட்டில் தங்கினார். அம்மா வேலைக்குப் போய் இரவு களைத்து வருவதால், மாமாவுக்கு மாத்திரை கொடுக்கும் வேலையை அம்மாச்சி என்னிடம் ஒப்படைத்தார்.

"மாத்திரைன்னு சொல்லிராத தாயி. சொன்னா வாயத் தொறக்க மாட்டான். வாழப்பழத்துல வச்சுக் குடு. சின்னப்புள்ளையில தொண்டையில சிக்கி மூச்சுத் திணறிப் போச்சு, அதுலருந்து பயம்" என்றார்.

முதல் இரண்டு இரவுகள் எளிதாகக் கழிந்தன. மூன்றாம் நாள் மாமா வாழைப்பழத்தை இரண்டாகப் பிட்டு, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். மாத்திரையை எடுத்துச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் கேசரியில் வைத்தேன். அதையும் கண்டுபிடித்தார். பிறகு பொடி செய்து பாலில் கலந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரை என் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு என் கையால் எதைக் கொடுத்தாலும் வாங்கவில்லை. தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்தார். தெருவில் போகும் ஐஸ் வண்டியைக் கண்டால் "பாப்பாவுக்கும் ஒண்ணு" என்று என்னைத் தேடுபவர், நான் அறைக்குள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தோழியரே, இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கடினமாக இருக்கிறது. அன்று இரவு அம்மா, "தம்பிக்கு மாத்திரை குடுத்தியா?" என்று கேட்டபோது, "குடுத்தேன்மா" என்று சொன்னேன். மாத்திரையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டிருந்தேன். ஒரு வேலையை நம்பி ஒப்படைத்தார்கள், அதைக்கூடச் செய்யத் தெரியவில்லையே என்ற வெட்கம் ஒரு காரணம். ஒரு நாள் மாத்திரைதானே என்ற அலட்சியம் மற்றொரு காரணம். ஒரு நாள் சொன்ன பொய் மறுநாளும் என்னைச் சொல்ல வைத்தது. இப்படியே ஆறு இரவுகள் சென்றன.

ஏழாம் நாள் விடியற்காலை 5 மணி இருக்கும். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு ஓடினேன். மாமா அடுப்படி வாசலில் விழுந்து கிடந்தார். கண்கள் மேலே செருகியிருந்தன. கை கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. பக்கத்து வீட்டு அக்கா சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிக்கப் பார்த்தார். அம்மா அதை விலக்கிவிட்டு, மாமாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் தம் சேலைத் தலைப்பை மடித்து வைத்தார். மூன்று நிமிடங்களில் இழுப்பு நின்றுவிட்டது என்று பின்னால் அப்பா சொன்னார். எனக்கோ அது முடிவே இல்லாத நேரமாக இருந்தது. மாமாவின் நெற்றியில் இரத்தம் கசிந்தது. அங்கேயே உட்கார்ந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "டாக்டர்கிட்ட இத நீயே சொல்லு" என்று மட்டும் சொன்னார். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் எங்களைப் போலப் பல குடும்பங்கள் இருந்தன. எங்கள் அருகில் ஓர் அம்மா தம் மகனோடு அமர்ந்திருந்தார். மகனுக்கு இருபது வயது இருக்கும், பேச்சு வராது. ஒரு சமயம் அவன் ஓயாமல் கத்தியிருக்கிறான். வேறோர் இடத்தில், கத்தாமல் இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்களாம். கத்தல் நின்றது, ஆனால் மகன் நாள் முழுவதும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான், உடம்பும் ஊதிவிட்டது. பல மாதங்கள் கழித்துத்தான் காதில் சீழ் வைத்திருந்தது தெரிந்ததாம். "காது வலிக்குதுன்னு அவனுக்குச் சொல்லத் தெரியல. எங்களுக்கும் கேக்கத் தெரியல" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. மருத்துவர் ஒரு பெண்மணி. அம்மாவும் அப்பாவும் நானும் மாறி மாறிப் பேசினோம். நான் செய்த தவற்றையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அவர், பிறகு தம் நாற்காலியை நகர்த்தி மாமாவுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டார். "நீங்க சொல்லுங்க. அந்த மாத்திரை உங்களை என்ன செய்யுது?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல வாயெடுத்தபோது, வேண்டாம் என்று கையை உயர்த்திக் காட்டினார்.

வெகு நேரம் மாமா பேசவில்லை. மருத்துவரும் அவசரப்படவில்லை. பிறகு மாமா மெல்லச் சொன்னார்: "விடியல."

"என்ன விடியல?"

"அது போட்டா விடிய மாட்டேங்குது. கண்ணு தொறக்கல. எல்லாரும் பூ எடுத்துட்டாக. எனக்குப் பூ இல்ல. தோட்டக்காரரு நாளைக்கு வராதன்னுட்டாரு."

சற்று நிறுத்தி, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பழம் கசக்குது. என்கிட்டச் சொல்லவே இல்ல."

எங்களுக்குப் பேச்சே வரவில்லை. முப்பது ஆண்டுகளாக அவருக்கு மாத்திரை கொடுத்து வந்திருக்கிறோம். ஒரு நாளாவது இந்தக் கேள்வியை நாங்கள் கேட்டதில்லை. 'அடம் பிடிக்கிறான்' என்றுதான் சொல்லியிருக்கிறோம். அது அடமன்று, அவருக்கு அதில் தக்க காரணம் இருந்தது. மாத்திரை அவருடைய காலையைப் பறித்தது. காலை போனால் பூ போயிற்று. பூ போனால் அந்தப் பத்து ரூபாயும் போயிற்று.

மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். மாமா சாப்பிடுவது பினோபார்பிட்டோன் என்னும் மருந்து. 1912ஆம் ஆண்டு முதல் வலிப்புக்குப் பயன்பட்டு வருகிறது. விலை மலிவு, வலிப்பையும் நன்றாக அடக்கும். ஆனால் சிலருக்குத் தூக்கக் கலக்கம் மறுநாளும் நீடிக்கும். அதற்காக அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன். புதிய மாத்திரை ஒன்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பழையதைப் பல வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைக்கலாம் என்றார். புதியதிலும் சிலருக்குச் சோர்வோ சிடுசிடுப்போ வரலாம். வந்தால் மாமாவே தம்மிடம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

"பொடி செஞ்சு கலந்தீங்களே, எல்லா மாத்திரையையும் அப்படிச் செய்யக் கூடாது" என்றும் சொன்னார். சில மாத்திரைகள் வயிற்றில் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. நுணுக்கிவிட்டால் மருந்து முழுவதும் ஒரே சமயத்தில் உடம்பில் ஏறிவிடும். விழுங்க முடியாதவர்களுக்குச் சில மருந்துகள் திரவமாகவும் கிடைக்கின்றன. உணவில் மறைத்துக் கொடுப்பது வேறு வழியே இல்லாதபோது கைக்கொள்ள வேண்டிய கடைசி வழி. அதையும் மருத்துவரைக் கேட்காமல் வீட்டிலுள்ளவர்கள் தாமாகச் செய்யக் கூடாது. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுப்பதில் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். இவற்றையெல்லாம் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை, ஏழு நாட்களுக்கும் ஏழு அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்றை அப்பா வாங்கி வந்தார். காலை மாத்திரைக்குச் சூரியனும் இரவு மாத்திரைக்கு நிலாவும் வரைந்து ஒட்டினேன். மாமாவின் எதிரில் உட்கார்ந்து, "மாமா, இது மாத்திரை. உங்களுக்கு இழுப்பு வருதுல்ல, அது வராம இருக்க" என்று சொன்னேன். மாமா நெற்றியில் இருந்த கட்டைத் தொட்டுக் காட்டி, "இதுக்கா?" என்றார். "ஆமா மாமா, இனிமே இப்படி விழாம இருக்க" என்றேன். வெகு நேரம் மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு தாமே வாயில் போட்டுக்கொண்டு, பயந்து பயந்து, மூன்று வாய்த் தண்ணீரில் விழுங்கினார். விழுங்கியதும் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். டீக்கடைக்குப் போகும்போது இருக்கும் அதே முகம்!

எல்லா நாட்களும் அப்படி அமைந்தன என்று சொல்ல மாட்டேன். சில இரவுகளில் "வேணாம்" என்பார். சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்போம். "இது எதுக்கு?" என்று தினமும் கேட்பார், தினமும் சொல்வோம். சாப்பிட்ட பின் தினசரி காலண்டர் தாளில் அவரே ஒரு கோடு போடுவார்.

ஒரு வாரம் கழித்து நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மாமா, பழத்துல ஒளிச்சு வச்சது தப்பு. அம்மாகிட்டப் பொய் சொன்னதும் தப்பு" என்றேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தட்டிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து இரண்டாகப் பிட்டார். இரண்டு பாதிகளையும் நன்றாக உற்றுப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

பள்ளி திறந்த பிறகு இது பற்றி மேலும் அறிய விரும்பி, அப்பாவின் உதவியோடு தேடிப் படித்தேன். அந்தக் காத்திருப்புக் கூடத்தில் கேட்ட கதை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு வெளியான பொதுச் சுகாதார அறிக்கை ஒன்று, அறிவுசார் குறைபாடு உடைய பெரியவர்களில் 30,000 முதல் 35,000 பேர் வரை தக்க மருத்துவக் காரணம் இல்லாமலே மனநோய் மருந்துகளையோ மனச்சோர்வு மருந்துகளையோ சாப்பிட்டு வருவதாகக் கணக்கிட்டது. அதன் பின் 2016ஆம் ஆண்டு, தேவையற்ற மருந்துகளைக் குறைக்க அங்கே ஓர் இயக்கமே தொடங்கினார்கள். வலியால் கத்துபவரையும் பயத்தால் கத்துபவரையும் மாத்திரையால் அமைதிப்படுத்திவிடுவது எளிது. ஏன் கத்துகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்.

ஐக்கிய நாடுகள் சபை 2006ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2007இல் நம் நாடும் ஏற்றது. மற்றவர்களுக்குச் செய்வது போலவே மாற்றுத்திறனாளிகளுக்கும் விவரம் சொல்லி, சம்மதம் பெற்றே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறது அது. அதற்கு இசைய நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு புதிய சட்டமும் வந்தது. சட்டம் வந்துவிட்டது, ஆனால் எங்கள் வீட்டு வாழைப்பழம் வரை அது வந்து சேரவில்லை. மாத்திரைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் முழுவதும் ஆங்கிலம். பத்தாம் வகுப்பு மாணவியாகிய எனக்கே புரியவில்லை. என் மாமாவுக்கு யார் படம் வரைந்து சொல்வது? வீட்டிலுள்ள நாம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தமிழாசிரியையான சிஸ்டரிடம் இதையெல்லாம் சொன்னபோது, திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளைப் படித்துப் பார்க்கச் சொன்னார். மருத்துவம் நான்கு பகுதிகளைக் கொண்டது என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என்ற நால்வகையில் நோயாளியைத்தான் அவர் முதலில் வைக்கிறார். நாங்களோ மருத்துவரை மதித்தோம், மருந்தை மதித்தோம், கவனிக்கும் எங்களையும் மெச்சிக்கொண்டோம். முதலில் நிற்க வேண்டியவரை மட்டும் மறந்துவிட்டோம்.

அரையாண்டு விடுமுறையில் அம்மாச்சி ஊருக்குப் போயிருந்தேன். பழைய மாத்திரை பாதிக்கும் கீழாகக் குறைந்திருக்கிறது. நடுவில் ஒரு முறை வலிப்பு வந்ததால், மருத்துவர் குறைக்கும் வேகத்தைத் தளர்த்தியிருக்கிறார். முழுவதும் சரியாகிவிட்டது என்று சொல்ல இன்னும் காலம் ஆகும். ஆனால் மாமா தூக்கக் கலக்கமில்லாமல் எழுந்துவிடுகிறார். மார்கழிப் பனியில் பூ வரத்துக் குறைவுதான். ஆனாலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, விடியும் முன் தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மாச்சி, புதிதாகத் தெளிந்த தம் கண்களால் அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று இரவு, மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நிலாப் படம் ஒட்டிய அறையைத் திறந்து காட்டினார். "மொத மாத்திர. அப்புறம் பழம்" என்று எனக்கே பாடம் சொன்னார்.

அன்புத் தோழியரே, பெற்றோரே! நம்மில் பலர் வீட்டிலோ தெருவிலோ என் மாமாவைப் போன்ற ஒருவர் இருப்பார். அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து, அவரைக் கேட்காமலே எத்தனையோ செய்கிறோம். இனி மாத்திரையைக் கொடுக்கும் முன் அது மாத்திரை என்று சொல்வோம். அது அவரை என்ன செய்கிறது என்று கேட்போம். பதில் வரத் தாமதமானாலும் காத்திருப்போம். கேட்ட பதிலை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்போம். ஆறு இரவுகள் பொய் சொன்ன நான், மற்றவர்களுக்கு அறிவுரை கூறத் தகுதியுடையவள் அல்லேன். ஆயினும் என் பிழை இன்னொரு வீட்டில் நிகழாதிருந்தால், அதை மறைக்காமல் இங்கு எழுதியதன் பயனை அடைந்தவளாவேன்.